கட்டிலை நகர்த்தினேன், காற்றுமணியைக் கழற்றினேன்

முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் வேலை ஓடாது. வீட்டையும் பொருள்களையும் எப்படி அமைப்பது என்று சொல்லும் சீன மரபான ஃபெங் சுயியில் நான் முதலில் ஏற்றுக்கொண்ட விதி இது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியபோது என் மேசை சுவரைப் பார்த்தபடி கிடந்தது. அறைக் கதவு முதுகுப் பக்கம். ஹெட்போனை மாட்டிவிட்டால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாது. திடீரென்று தோளில் ஒரு கை விழும், தூக்கிவாரிப்போடும். எழுதிக்கொண்டிருந்த வரி அந்த இடத்திலேயே அறுந்துபோகும். நாளடைவில், யாரும் வராத நேரத்திலும் பாதிக் காது கதவுப் பக்கமே இருந்தது.

வீட்டுக்கு வந்திருந்த அக்கா அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “மேசையைத் திருப்பிப் போடு. கதவு உன் கண்ணில் பட வேண்டும், முதுகுக்குச் சுவர் இருக்க வேண்டும்” என்றாள். அக்காவுக்கு ஃபெங் சுயியில் அசைக்க முடியாத நம்பிக்கை. எனக்கு அப்படி இல்லை. ஆனாலும் திருப்பிப் போட்டேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. யாராவது உள்ளே வந்தால் ஓரக்கண்ணில் ஓர் அசைவு. நிமிர்ந்து பார்ப்பதா வேண்டாமா என்பதை நானே முடிவுசெய்ய முடிந்தது.

அக்கா இதற்குச் சொல்லும் காரணம், ஆற்றல் கதவு வழியாக உள்ளே வருகிறது, அதற்கு முதுகு காட்டக் கூடாது என்பது. எனக்குச் சரியென்று படும் விளக்கம் வேறு. ஜே ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: முன்னால் பார்வை விரிந்து செல்ல வேண்டும், பின்னால் மறைவு இருக்க வேண்டும்; இந்த இரண்டும் கிடைக்கும் இடமே மனிதனுக்குப் பிடித்துப்போகிறது. பிறரைப் பார்க்கலாம், தான் பார்க்கப்படாமல் இருக்கலாம். எந்த உணவு விடுதியிலும் சுவரோர மேசைகள்தான் முதலில் நிரம்புகின்றன, கவனித்துப் பாருங்கள்.

மேசையைத் திருப்புவது சுலபம். அதன்பிறகு வரும் தொல்லைகளைத்தான் யாரும் சொல்வதில்லை. மின்செருகி எதிர்ச் சுவரில் இருந்தது. வயர் நடுத்தரையில் கிடந்து காலை வாரும் நிலை. சுவரின் அடிவிளிம்பை ஒட்டி, ஒட்டும் கிளிப் வைத்துச் சுற்றிக் கொண்டுவர நீளமான வயர் தேவைப்பட்டது. அடுத்தது ஜன்னல். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வந்தால் திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், வீடியோ அழைப்பில் நாம் வெறும் நிழலாகத் தெரிவோம். ஜன்னல் பக்கவாட்டில், கதவு குறுக்காக எதிரே, சுவர் பின்னால். இந்த மூன்றும் பொருந்தும் இடம் ஓர் அறையில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதுவும் இல்லையென்றால், திரையின் மேல் மூலையில் சிறிய குவிகண்ணாடி ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். கதவுப் பக்கம் யார் வந்தாலும் அதில் தெரிந்துவிடும். அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்று சமைப்பவருக்குப் பளபளப்பான பின்தகடு வைக்கச் சொல்வதும் இதே யோசனைதான்.

இந்த மேசை விவகாரத்தில் எனக்கு ஓர் உரைகல் கிடைத்தது. விதியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை அந்த இடத்தில் உட்காரவோ படுக்கவோ நடக்கவோ விட்டால், அவருக்கு வித்தியாசம் தெரியுமா? தெரியும் என்றால் அந்த விதிக்கு என் வீட்டில் இடம் உண்டு. விதியைச் சொன்ன பிறகுதான் தெரியும் என்றால், மரியாதையோடு வெளியே நிற்கட்டும்.

படுக்கையறை விதிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறிவிட்டன. கதவுக்கு நேராகக் கால் நீட்டிப் படுக்கக் கூடாது என்பார்கள். இறந்தவரைக் கால் முன்னால் வரத் தூக்கிச் செல்வதால் அதற்குச் சவப்பெட்டி நிலை என்றே பெயர். பெயரை விட்டுவிடலாம். கதவு திறக்கும்போதெல்லாம் வெளிவிளக்கின் வெளிச்சம் நேராக முகத்தில் விழுவதும், நடைபாதையில் போகிற எவர் கண்ணிலும் படுக்கை படுவதும் தூக்கத்துக்கு நல்லதல்ல. கட்டிலைக் கதவுக்குக் குறுக்கு மூலைக்கு நகர்த்தினேன். அறை சின்னது, நகர்த்த இடமில்லை என்பவர்கள் கால்மாட்டில் இடுப்பளவு உயரத்தில் ஓர் அலமாரி போட்டால் போதும். பார்வையை அது மறித்துவிடும்.

உத்தரம் அடுத்தது. அடுக்குமாடி அறைகளில் கூரையிலிருந்து இறங்கி நிற்கும் கான்கிரீட் உத்தரத்துக்குக் கீழே தலை வைக்கக் கூடாது என்பது விதி. மல்லாந்து படுத்துப் பாருங்கள், விதி தெரியாமலே கண் அதன் விளிம்புக்குத்தான் போகும். என் கட்டில் ஓரடிக்கும் குறைவாக நகர்ந்ததில் உத்தரம் தலைக்குப் பின்னால் போய்விட்டது. நகர்த்த முடியாத இடத்தில் உத்தரத்துக்கும் கூரைக்கும் ஒரே வெள்ளை அடித்துவிட்டால் அது கண்ணை உறுத்துவது குறையும். அதில் புல்லாங்குழலைக் கட்டித் தொங்கவிடும் பழைய பரிகாரம் ஒன்று உண்டு. தூங்கும் தலைக்கு மேல் எதையும் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இருவர் படுக்கும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும் என்ற விதியைத் தாம்பத்திய ஒற்றுமையோடு முடிச்சுப் போடுவார்கள். சுவரோரம் படுப்பவர் நள்ளிரவில் மற்றவரைத் தாண்டி இறங்க வேண்டியிருந்தால் ஒற்றுமை எப்படி வரும்? கட்டிலுக்கு அடியில் காலியாக இருக்க வேண்டும் என்பதும் மெத்தைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்ற வகையில் நல்ல விதிதான். ஆனால் சின்ன வீட்டில் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க முடியாது. நான் அங்கே போர்வை, தலையணை உறை போன்ற துணிகளை மட்டும் மூடிய பெட்டியில் வைக்கிறேன். பழைய செருப்பு, காகிதக் கட்டு, பழுதான மின்கருவி எதற்கும் அங்கே அனுமதி இல்லை. பெட்டிக்குச் சக்கரம் இருந்தால் பெருக்கும்போது இழுத்துவிடலாம்.

கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டிலுக்கு எதிரே கண்ணாடி ஆகாது என்று கேட்டபோது சிரித்தேன். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் தன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிதைந்தும் வேறு முகமாகவும் தெரியத் தொடங்கும் என்பதை ஜொவான்னி கபுட்டோ என்ற இத்தாலிய உளவியலாளர் 2010இல் விவரித்திருக்கிறார். பாதித் தூக்கத்தில் எழுந்தவருக்குத் தன் அசைவே இன்னொருவர் நடமாட்டமாகத் தோன்றுவதற்கு ஆய்வுகூட வேண்டாம். அலமாரிக் கதவோடு சேர்ந்த கண்ணாடியைக் கழற்ற முடியாததால், அதன் மேல் ஒட்டும் தாளை ஒட்டி மங்கலாக்கினேன். ஆனால் ஒரு கண்ணாடியைக் கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் மாட்டினால் இருட்டு மூலைக்கு வெளிச்சம் போய்ச் சேரும்.

இனி எனக்குக் குழப்பத்தைத் தந்த பகுதிக்கு வருகிறேன். வீட்டை ஒன்பது கட்டமாகப் பிரித்து, இது செல்வம், இது உறவு, இது தொழில் என்று பங்கு போடும் பாகுவா வரைபடம். அக்கா என் வீட்டின் வரைபடத்தில் திசைப்படி கட்டம் போட்டாள். செல்வத்துக்குரிய தென்கிழக்கு கழிப்பறையில் போய் விழுந்தது. நான் இன்னொரு முறைப்படி போட்டேன். செல்வம் படுக்கையறைக்கு வந்துவிட்டது. ஒரே வீடு, ஒரே குடும்பம்.

இந்த இரண்டாவது முறை பழமையானதல்ல. பெய்ஜிங்கில் 1932இல் பிறந்து 2010இல் மறைந்த லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய பாணி அது. அதில் திசைகாட்டிக்கு வேலை இல்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தால் இடது கோடி மூலை செல்வம், வலது கோடி உறவு. மேலைநாடுகளில் ஃபெங் சுயி என்ற பெயரில் புழங்குவதில் பெரும்பகுதி இதுதான். மரபுவழிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் கையில் லுவோபான் என்ற வட்டத் திசைகாட்டி. அதில் 24 பிரிவுகள், ஒவ்வொன்றும் 15 பாகை.

அந்தப் 15 பாகைதான் சிக்கல். பழைய வீட்டில் திசைகாட்டி ஓரளவு ஒழுங்காக நிற்கும். இன்றைய வீடு கம்பி கட்டிய கான்கிரீட். வாசலில் இரும்புக் கதவு, உள்ளே குளிர்பதனப் பெட்டி. கைபேசித் திசைகாட்டியை வாசலில் பிடித்தால் ஒரு திசை, கூடத்து நடுவில் பிடித்தால் இன்னொரு திசை. முள் சற்றே பிசகினாலும் ஒரு முழுப் பிரிவே மாறிவிடும். இதற்கு மேல், எட்டாவது மாடி வீட்டின் முகம் எது? வீட்டுக் கதவா, கட்டடத்தின் பொது வாசலா, வெளிச்சம் அதிகம் வரும் பால்கனியா? ஆலோசகர்களிடையே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. திசை தெரிந்தே ஆக வேண்டும் என்றால், கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து கட்டடச் சுவர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். முள்ளைவிட அது நம்பகமானது.

பாகுவாவை நான் முழுக்கத் தூக்கி எறியவில்லை. வேறு விதத்தில் அது பயன்பட்டது. கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூலை மூலையாகப் போனபோது, பல நாள் கண்ணில் படாமலே கிடந்த இடங்கள் கண்ணில் பட்டன. என் ‘அறிவு’ மூலையில் உடைந்த மின்விசிறியும் யாருடையது என்று தெரியாத ஒரு பையும் கிடந்தன. இரண்டும் வெளியே போயின. மூலைக்கு எந்தப் பெயர் சூட்டியிருந்தாலும் இதே பலன்தான் கிடைத்திருக்கும்.

பழைய விதிகளை அப்படியே எடுத்தால் இடிக்கும் இடமும் உண்டு. வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் ஆற்றல் நிற்காமல் ஓடிவிடும் என்பார்கள். காற்றில் ஏறிய ஆற்றல் சிதறும், நீரைக் கண்டால் நிற்கும் என்பது கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த சீன அறிஞர் குவோ பூவின் பெயரால் வழங்கும் கருத்து. அதுவும் கல்லறைக்கு இடம் பார்ப்பதற்காகச் சொல்லப்பட்டது. வடசீனத்தின் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வீசும் காற்று எலும்பை ஊடுருவும். பின்னால் மலை, முன்னால் தெற்கு வெயில் என்று அவர்கள் இடம் தேடியதில் வியப்பில்லை. பூமத்திய ரேகைக்குக் கீழே போனால் வெயில் வடக்குப் பக்கம் வந்துவிடும். புழுக்கமான ஊரிலோ, எதிரெதிர்க் கதவுகள் வழியாக ஓடும் காற்று கொடுப்பினை. அதை அடைத்துவிட்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேர்ப்பதில் என்ன லாபம்?

அதேசமயம், வாசலில் நிற்கும் அந்நியர் கண் வீட்டின் கடைசிவரை போவது எனக்குப் பிடிக்கவில்லை. சீனர்களின் பழைய முற்ற வீடுகளில் வாசலுக்கு நேரே ஒரு மறைப்புச் சுவர் இருக்கும். அதை நினைத்துக்கொண்டு, இடுப்புக்குச் சற்று மேலே வரும் திறந்த புத்தகத் தட்டு ஒன்றை முதுகுப் பலகை இல்லாமல் குறுக்கே வைத்தேன். காற்று போகிறது, பார்வை நிற்கிறது. கையில் இருப்பதை இறக்கி வைக்க வாசலருகே ஒரு தட்டும் கிடைத்தது. வாசலைப் பொறுத்தவரை மற்ற விதிகளையெல்லாம் கேள்வி கேட்காமல் செய்துவிடலாம்: கதவு முழுதாகத் திறக்க வேண்டும், கீல் முனகக் கூடாது, விளக்கு எரிய வேண்டும், செருப்புகள் காலில் இடறக் கூடாது.

பொருள்களுக்கு வருவோம். விற்பனை சூடுபிடிப்பது இங்கேதான். இருபது ஆண்டுக்கு ஒரு காலகட்டம் என்று கணக்கிடும் பிரிவினர், 2024இல் ஒன்பதாம் காலகட்டம் பிறந்துவிட்டது, 2044 வரை நெருப்பின் ஆட்சி என்கிறார்கள். உடனே கடைகளில் எல்லாம் சிவப்பாகிவிட்டது. அக்கா எனக்குக் கொண்டுவந்து தந்தவை அதற்கும் முந்தியவை: காற்றுமணி, கண்ணாடி உருண்டை, அதிர்ஷ்ட மூங்கில், மேசை நீரூற்று.

காற்றுமணி பால்கனியில் ஒரு காற்று இரவைக்கூடத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காலையிலேயே கதவைத் தட்டினார். அக்கம்பக்கத்தின் தூக்கத்தைக் கெடுத்துக் கிடைக்கும் அதிர்ஷ்டம் எனக்கு வேண்டாம் என்று கழற்றி வைத்தேன். கண்ணாடி உருண்டை விஷயத்தில் உண்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. வெயில் நேராக விழும் ஜன்னலில் தெளிவான முழு உருண்டையை வைத்தால் அது ஒளியைக் குவித்துத் திரைச்சீலையையோ மேசைத் துணியையோ பற்றவைக்கலாம். பட்டை தீட்டியது என்றாலும் வெயில் படாத இடமே நல்லது.

அதிர்ஷ்ட மூங்கில் மூங்கிலே அல்ல. மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா இனச் செடி அது. சீனத்தோடு அதற்குப் பிறப்பு உறவு கிடையாது. நேர்வெயில் பட்டால் இலை கருகும், குழாய் நீரில் உள்ள ஃபுளோரைடால் நுனி பழுப்பாகும். பூனை, நாய் வளர்ப்பவர்கள் அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், தின்றால் ஒத்துக்கொள்ளாது. தண்ணீரை வாரம் தவறாமல் மாற்றாவிட்டால் அதிர்ஷ்டத்துக்கு முன் கொசு பிறக்கும். நீரூற்றுக்கும் இதுவே சட்டம். ஓடும்போது கொசு முட்டையிடுவது குறைவு, அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் அது வெறும் தேங்கிய நீர்.

செடி அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்பவர்கள் 1989ஆம் ஆண்டு நாசா ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய சிறு கூடுகளில் செய்யப்பட்ட சோதனை. கட்டடங்களில் வழக்கமாக இருக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள்வரை வேண்டியிருக்கும் என்று 2019இல் வந்த மறுஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. ஆகவே காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள், செடியைக் கண்ணுக்கு எதிரே வையுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகளில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பியதை ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். என் செடியைப் ‘பண மூலை’யிலிருந்து எடுத்து, திரையிலிருந்து தலை நிமிர்ந்தால் பார்வை விழும் இடத்தில் வைத்தேன்.

கூர்முனைகளிலிருந்து வரும் கெட்ட ஆற்றலைத் திருப்பி அனுப்பும் என்று சொல்லி எதிர்வீட்டை நோக்கி எண்கோணக் கண்ணாடி மாட்டுவதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களும் ஒன்றை மாட்டுவார்கள். ஹாங்காங்கில் 1990இல் திறக்கப்பட்ட சீன வங்கிக் கோபுரத்தின் கூர்முனைகளைக் கண்டு அண்டையில் எத்தனையோ பேச்சு எழுந்தது. பக்கத்து வங்கியின் உச்சியில் நிற்கும் பாரந்தூக்கிகள் அதை நோக்கிய பீரங்கிகள் என்று இன்றும் சொல்கிறார்கள். வங்கிகளுக்குக் கட்டுப்படியாகும். எதிர்வீட்டுக்காரரை மாடிப்படியில் தினமும் சந்திக்க வேண்டிய நமக்கு ஆகாது.

கழிப்பறைக் கதவை மூடி வைப்பது, இருக்கை மூடியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் திறப்பது ஆகியவற்றைச் செல்வம் வழிந்தோடாமல் காக்கும் வழி என்பார்கள். பிறகு அதையே கிருமித் தடுப்பு என்று நவீனமாக்கினார்கள். மூடியைப் போட்டாலும் வைரஸ் பரவுவது அப்படியொன்றும் குறைவதில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சுத்தம் செய்வதும் காற்று வெளியேற்றும் விசிறியும்தான் வேலை செய்பவை. கதவை மூடி வைப்பது கண்ணுக்கு நல்லது. அதற்கு வேறு காரணம் தேவையில்லை.

விளக்கு விஷயத்தில் யின், யாங், அதாவது அமைதி, துடிப்பு என்ற இரு எதிர்ப்பக்கங்கள் பற்றிய பேச்சு எனக்கு உதவியது. படுக்கையறையில் 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், அதுவும் கண் மட்டத்துக்குக் கீழே. மேசைக்கு 4000 கெல்வின் வெள்ளை வெளிச்சம். கூரை நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் குழல்விளக்கு எரியும் அறையில் எந்தச் சிலையை வைத்தாலும் மனம் அடங்காது. கைபேசியைப் படுக்கைக்கு வெளியே சார்ஜ் செய்வதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆலோசகரை அழைக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, “நீங்கள் பொருள்களும் விற்பீர்களா?” என்பது. விற்கிறார் என்றால் உங்கள் வீட்டுக் குறை அவர் கடைச் சரக்கைப் பொறுத்து அமைந்துவிடும். வந்தவர் கட்டிலில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறாரா, கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். பிறந்த தேதியை மட்டும் கேட்டுவிட்டு வரைபடத்தை மேய்பவரிடம் நீங்கள் பெறப்போவது அதிகமில்லை.

அக்காவும் நானும் இப்போது ஓர் உடன்படிக்கைக்கு வந்திருக்கிறோம். “நீ நம்பாவிட்டாலும் போகட்டும், நகர்த்தச் சொன்னால் நகர்த்து” என்பாள். “வாங்கச் சொல்லாதே அக்கா, நகர்த்துகிறேன்” என்பேன். கடைசியாக வந்தபோது அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஒட்டி இருப்பதைக் கண்டு முகம் சுளித்தாள். நீரும் நெருப்பும் பகை. வாடகை வீட்டில் அடுப்பை எங்கே நகர்த்த? நீர் மரத்தை வளர்க்கும், மரம் நெருப்பை வளர்க்கும். எனவே நடுவில் மரம் இருந்தால் பகை தீரும் என்று அவளே வழியும் சொன்னாள். தடித்த மரப்பலகை ஒன்றை இரண்டுக்கும் இடையே வைத்திருக்கிறோம். தொட்டித் தண்ணீர் கொதிக்கும் எண்ணெயில் தெறிப்பதில்லை, சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கவும் இடம் கிடைத்தது. பலகையின் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை வராமலிருக்க இரவில் எடுத்து நிமிர்த்தி வைத்துவிடுகிறேன்.